மட்டமாக எடுத்த அதிரடிப் படங்களை ஒளிக்காமல் ரசிப்பது எப்படி

படம் முடிந்ததும் 'பார்த்தவை' பட்டியலிலிருந்து அதை அழித்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இது உங்களுக்காகத்தான். பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் விருது வாங்கிய ஏதோ ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, உதட்டசைவுக்கும் வசனத்துக்கும் சம்பந்தமே இல்லாத, துப்பாக்கி சுடுவதற்கு முன்பே அடியாள் சுருண்டு விழுகிற ஒரு சண்டைப் படத்தைத் தேடிப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் பார்த்தேன். ஒளித்து ஒளித்துப் பார்ப்பதில் பாதி சுகம் போய்விடுகிறது என்பதும், பார்க்கத் தெரிந்துகொண்டால் ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதும் மெதுவாகத்தான் புரிந்தது.

இவை மட்டமான படங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நன்றாக எடுத்த படத்தில் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கைக்காசைப் போட்டு அரைகுறையாக எடுத்த படமோ உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்ட சட்டை மாதிரி, ஒவ்வொரு தையலும் தெரிய நம் முன்னால் நிற்கும். எந்த இடத்தில் பணம் தீர்ந்தது, எந்த ஷாட்டை மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லாமல் விட்டார்கள், எந்த ஆள் எங்கிருந்து குதித்தார், எல்லாம் தெரியும். அந்தத் தையலைப் பார்க்கக் கண்ணைப் பழக்கிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வேண்டுமென்றே மட்டமாக எடுக்கிற படங்கள் இப்போது நிறைய வருகின்றன, தலைப்பே சிரிப்பு மூட்டுவதற்காக வைத்திருப்பார்கள், கம்ப்யூட்டரில் செய்த மிருகம் ஒன்று விமானத்தைக் கடிக்கும், நடிகர்கள் "எங்களுக்கும் தெரியும்" என்ற முகத்தோடு நிற்பார்கள். அவற்றை விட்டுவிடுங்கள். அங்கே யாரும் எதற்கும் ஆசைப்படவில்லை, அதனால் தோற்கவும் இல்லை, பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்காது. நமக்கு வேண்டியது, உலகத்திலேயே சிறந்த சண்டைப் படத்தை எடுக்கிறோம் என்று மனசார நம்பிய ஒருவர், அதற்கு வேண்டிய காசோ நேரமோ பயிற்சியோ இல்லாமல், இருந்தாலும் முடித்தே தீருவேன் என்று முடித்த படம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் சண்டை வரும் வரைக்கும் பாருங்கள், பெரும்பாலும் இருபது நிமிஷத்துக்குள் வந்துவிடும், அதில் நாயகன் முகத்தை மட்டும் கவனியுங்கள். அவர் அந்தச் சண்டையை நம்பினால் படத்தைத் தொடரலாம். இருபது நிமிஷமாக யாரோ காரிடாரில் நடந்துகொண்டே இருக்கிறார், கார் நிற்கிறது, கார் கிளம்புகிறது, வேறொன்றும் நடக்கவில்லை என்றால் அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள், அது நேரத்தை இழுத்து நிரப்பிய படம்.

1980-களில் தேடினால் வலை நிறைய மீன் கிடைக்கும். வீடியோ கேசட் வந்த காலம் அது, வாடகைக் கடைகளின் அலமாரியை நிரப்பப் படம் வேண்டியிருந்தது, தியேட்டருக்கே போகாமல் நேராகக் கேசட்டாக வெளிவரும் படங்களுக்கு ஒரு தனிச் சந்தை உருவானது. அட்டைப்படத்தில் ஹெலிகாப்டரும் தீப்பிழம்பும் எண்ணெய் தேய்த்த புஜமும் வரைந்திருக்கும், படத்துக்குள் ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் கேட்கும். கேனன் ஃபிலிம்ஸ் என்ற நிறுவனத்தை 1979-ல் வாங்கிய மெனாஹெம் கோலனும் யோராம் குளோபஸும் போஸ்டரை முதலில் அடித்துவிட்டு, கான் திரைப்பட விழாவில் அதைக் காட்டிப் பல நாட்டு விநியோகஸ்தர்களிடம் முன்கூட்டியே விற்று, அப்புறம் கதையைப் பற்றி யோசித்தவர்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒரு படத்தில் போஸ்டருக்காகவே வைத்த காட்சி எது, அதைச் சுற்றிக் கட்டிய கதை எது என்று பிரித்துப் பார்க்க வரும். அது ஒரு தனி விளையாட்டு.

இன்னொன்றும் மனசில் இருக்கட்டும். அன்றைக்கு டிஜிட்டல் கிடையாது. ஆயிரம் அடி 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள் ஒன்று கேமராவில் சுமார் 11 நிமிஷம் ஓடும், அவ்வளவுதான். ஃபிலிம் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், பிரின்ட் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு. ஒருவர் கதவில் இடித்துக்கொள்கிறார், வசனத்தை மென்று விழுங்குகிறார், பின்னால் மைக்கின் நிழல் சுவரில் ஆடுகிறது, அப்படியும் அந்த ஷாட் படத்தில் இருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இது தெரிந்த பிறகு எனக்கு அந்த ஷாட்கள் மேல் கோபமே வருவதில்லை. 'இன்னொரு டேக்' என்று கேட்க நாக்கு வரை வந்து, மிச்சம் இருக்கிற ஃபிலிமை நினைத்து வாயை மூடிக்கொண்ட ஒரு இயக்குநர்தான் எனக்குத் தெரிகிறார்.

சரி, இப்போது சண்டைக் காட்சிக்கு வருவோம், ரசனையின் முக்கால் பங்கு இங்கேதான். திரையில் ஒரு குத்து விழுவது போலத் தெரிவதற்கு உண்மையில் கை முகத்தைத் தொட வேண்டியதில்லை. கேமரா அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ அடி வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ இருந்தால் போதும், கை ஒரு சாண் தள்ளிப் போனாலும் பட்ட மாதிரியே இருக்கும். கேமரா பக்கவாட்டில் வந்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், முகத்துக்கும் முஷ்டிக்கும் நடுவே காற்றுப் போவது தெரியும். பெரிய படத்தில் அந்த ஷாட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், இங்கே தூக்கி எறிய வேறு ஷாட் கிடையாது. அந்த இடைவெளி தெரிகிற ஒவ்வொரு முறையும் அடி வாங்குபவரைப் பாருங்கள். படாத அடிக்கு அவர் கழுத்தை வெட்டித் திருப்பி, தோளைச் சுருக்கி, ஒரு சுற்றுச் சுற்றி மேசை மேல் போய் விழுவார். குத்தை நம்ப வைப்பவர் அவர்தான். அடிக்கிறவர் கையை வீசினால் வேலை முடிந்தது.

அப்புறம் வேகம். கேமராவை வினாடிக்கு 24 ஃபிரேமுக்குக் குறைவாக ஓடவிட்டு எடுத்து, வழக்கமான வேகத்தில் காட்டினால் எல்லாம் விறுவிறுவென்று நடக்கும். கொஞ்சமாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. அதிகமாகிவிட்டதா என்று பார்க்கப் பின்னால் இருக்கிற மரம், புகை, துணி இவற்றைப் பாருங்கள், ஆட்கள் வேகமாக அடித்துக்கொள்ளும்போது பின்னால் இலைகளும் படபடவென்று நடுங்கினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். சத்தத்தையும் தனியாகக் கேட்டுப் பழகுங்கள். நிறையப் படங்களில் எல்லா அடிக்கும் ஒரே 'டுப்' சத்தம்தான் இருக்கும், கன்னத்தில் பட்டாலும் வயிற்றில் பட்டாலும் அதே டுப். ஒருமுறை ஒரு சண்டையை ஹெட்போன் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டேன். மொத்தம் மூன்றே மூன்று சத்தங்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள், ஆனால் அதில் ஒரு தாளம் இருந்தது, வேலை தெரிந்த யாரோ ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் கேலி செய்ய முடியவில்லை.

வெடிப்புக் காட்சிகளில் ஆட்கள் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் சிறிய டிராம்போலினால்தான். ஸ்டன்ட்காரர் ஓடி வந்து அதை மிதித்து எழும்ப வேண்டும், அதே கணத்தில் பின்னால் தீ எழ வேண்டும். நேரம் தப்பினால் ஆள் முதலில் பறப்பார், வெடி அப்புறம் வெடிக்கும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சில படங்களில் புல்லுக்குள் டிராம்போலினின் விளிம்பே தெரியும். கார் உருள்வதற்கும் இப்படி ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மட்டும் ஏறும்படி தரையில் ஒரு சரிவுக் குழாயை வைப்பார்கள், கார் அதில் ஏறி அப்படியே திருகிக் கவிழும். அந்தக் குழாயை மறைக்க நிறுத்திவைத்த பெட்டியையோ இன்னொரு காரையோ ஃபிரேமின் ஓரத்தில் தேடுங்கள். மலையிலிருந்து விழும் கார் என்றால், விழுவதற்கு ஒரு நொடி முன் அது வேறு மாடலாக மாறிவிடும், பழைய வண்டி, சில நேரம் எஞ்சின்கூட இருக்காது, தரையைத் தொடுவதற்கு முன்பே தீப்பிடித்துவிடும். எனக்கு இதில் மட்டும் அலுப்பே வருவதில்லை, அந்த ஒரு நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன்.

இதில் ஒரே ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். விழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மாடியிலிருந்து குதிப்பவருக்குக் கீழே அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகளும் மெத்தையும்தான் இருந்திருக்கும், காசில்லாத படத்தில் அதுவும் குறைவாக இருந்திருக்கலாம். வசனத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், விக்கைப் பார்த்துச் சிரிக்கலாம், வில்லனின் திட்டத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கலாம். உடம்பைப் பணயம் வைத்தவருக்குக் கைதட்டுங்கள், வீட்டில் தனியாக இருந்தாலும் பரவாயில்லை, தட்டுங்கள்.

விக் என்றதும் சாமுராய் காப் படத்தைச் சொல்லாமல் போக முடியாது. அமீர் ஷெர்வான் இயக்கி 1991-ல் வந்த படம். நாயகன் மேட் ஹேனனுக்குத் தோள் வரை நீண்ட முடி. படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் முடியை வெட்டிக்கொண்டார், சில மாதம் கழித்து இன்னும் காட்சிகள் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள், விக் வைத்து நடித்தார். படத்தைப் போட்டுக்கொண்டு அவர் முடியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரே உரையாடலுக்குள் அவர் கேள்வி கேட்கும்போது சொந்த முடி, பதில் கேட்டுத் தலையாட்டும்போது விக். எந்த ஷாட் முதலில் எடுத்தது, எது மாதங்கள் கழித்து எடுத்து ஒட்டியது என்று நம்மால் கிட்டத்தட்ட வரிசைப்படுத்தவே முடியும். ஒரு படம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பாடப் புத்தகம் இதைவிடத் தெளிவாகக் காட்டாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தொலைபேசிக் காட்சிகளையும் அதே போல உற்றுப் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் காட்ஃப்ரே ஹோ என்ற இயக்குநர் 1980-களில் வரிசையாக நிஞ்ஜா படங்கள் எடுத்தார், நிஞ்ஜா என்றால் முகமூடி போட்டு மறைந்திருந்து தாக்கும் ஜப்பானியப் போராளி. வேறு யாரோ எடுத்த ஆசியப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள், புதிதாக முகமூடி போட்ட நிஞ்ஜாக்களை வைத்துக் கொஞ்சம் சண்டை எடுப்பார்கள், இரண்டையும் வெட்டி ஒட்டி, வசனத்தை மாற்றி டப்பிங் செய்து ஒரு முழுப் படமாக்கிவிடுவார்கள். முகமூடி இருப்பதால் உள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம், அது ஒரு வசதி. ஆனால் இரண்டு படத்து ஆட்களும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லையே, எப்படிப் பேச வைப்பது? அதற்குத்தான் போன். 1985-ல் வந்த நிஞ்ஜா டெர்மினேட்டரில் நடிகர் ரிச்சர்ட் ஹாரிசன் கார்ஃபீல்ட் பூனை வடிவ போனை எடுத்து, மிகத் தீவிரமான முகத்தோடு உயிர் போகிற விஷயம் பேசுவார். இந்த மாதிரிக் காட்சிகளில் சுவரைப் பாருங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள், படத்தின் நிறம் எப்படி இந்த முனையில் ஒன்றாகவும் அந்த முனையில் வேறாகவும் இருக்கிறது என்று பாருங்கள். கதை புரியாது, புரிய வைக்க முயற்சி செய்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்தக் காட்சி எந்தப் படத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும்.

சில நேரம் சிக்கல் காசில் இல்லை, யோசனையில் இருக்கும். 1985-ல் வந்த ஜிம்காட்டாவின் இயக்குநர் ராபர்ட் கிளவுஸ், புரூஸ் லீயின் என்டர் த டிராகனை இயக்கிய அதே ஆள். நாயகனாகக் கர்ட் தாமஸ், 1978-ல் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் தங்கம் வாங்கியவர். கராத்தேயோடு ஜிம்னாஸ்டிக்ஸைச் சேர்த்தால் என்ன என்பதுதான் படம். ஒரு கிராமத்துக்கு நடுவில், ஜிம்னாஸ்டிக்ஸில் கையை ஊன்றிச் சுழல்வதற்கான பாமல் ஹார்ஸ் என்ற சாதனம் போலவே பிடிகளோடு ஒரு கல்மேடை நிற்கிறது, ஊரே சூழ்ந்து வர நாயகன் அதன் மேல் ஏறிச் சுழன்று சுழன்று உதைக்கிறார், ஒவ்வொருவராக வந்து உதை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கல்மேடை ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அவர் கையை ஊன்றும் விதத்தையும் இடுப்பு சுழலும் சுத்தத்தையும் பாருங்கள், டூப் இல்லாமல் ஒரு உலக சாம்பியன் தன் வித்தையைச் செய்கிறார், அது பொய்யே இல்லை.

நான் ரொம்பவும் மதிக்கிற படம் உகாண்டாவில் எடுத்தது, ஹூ கில்ட் கேப்டன் அலெக்ஸ், 2010. கம்பாலாவின் வகாலிகா என்ற ஏழைக் குடியிருப்பில் நப்வானா என்பவர் எடுத்தார், மொத்தச் செலவு 200 டாலரைத் தாண்டாது என்கிறார்கள். பழைய உதிரிபாகங்களை வைத்து அவரே ஒட்டுப்போட்ட கம்ப்யூட்டரில் எடிட்டிங், பழைய இரும்பில் வெல்டிங் செய்த துப்பாக்கிகள். அடுத்த படத்துக்கு இடம் வேண்டும் என்பதால் கம்ப்யூட்டரிலிருந்த மூலப் படத்தை அழித்துவிட்டார்கள். இன்று நமக்குக் கிடைப்பது, எம்மி என்ற வர்ணனையாளர் படம் நெடுகப் பேசிக்கொண்டே வருகிற பிரதிதான். அவர் நாயகனை உற்சாகப்படுத்துவார், வில்லனைக் கிண்டல் செய்வார், "ஆக்‌ஷன் வருது, ஆக்‌ஷன் வருது" என்கிற மாதிரிக் கத்துவார். இந்த ரசனைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். படம் எடுத்தவர்களின் சந்தோஷம் முழுக்கத் திரையில் இருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்து நீங்களும் அந்தக் குரலோடு சேர்ந்து கத்திக்கொண்டிருப்பீர்கள்.

யாரோடு பார்ப்பது என்பதும் முக்கியம். இரண்டு பேர், மிஞ்சிப் போனால் நான்கு பேர். கூட்டம் அதிகமானால் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு கமென்ட் அடிப்பார்கள், படம் காணாமல் போய்விடும். முதல் தடவை பார்க்கிற ஒருவராவது இருக்க வேண்டும், அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே. வரப் போகிற காட்சியை அவரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், "இப்போ பாரு, இப்போ பாரு" என்று முழங்கையால் இடிக்கவும் வேண்டாம். கையில் போன் இருக்கக் கூடாது, இந்தப் படங்களின் நல்ல விஷயங்கள் எல்லாம் ஃபிரேமின் ஓரத்தில் அரை நொடி வந்து போகிறவை. டப்பிங் பிரதி, மூலப் பிரதி இரண்டும் கிடைத்தால் முதலில் டப்பிங், பிடித்துப்போனால் அப்புறம் மூலம். தெளிவில்லாத பிரதி என்று தயங்க வேண்டாம், ஆனால் ஓரங்களை வெட்டிய பிரதி வேண்டவே வேண்டாம், நாம் தேடுவது அங்கேதான் இருக்கும்.

வெட்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள். யாராவது அறைக்குள் வந்து "என்ன கண்றாவி இது?" என்றால் படத்தை மாற்றாதீர்கள், உட்காரச் சொல்லுங்கள், ஒரே ஒரு விஷயத்தைக் காட்டுங்கள், அந்த விக்கையோ அந்தக் குழாயையோ. பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் ஐந்து நிமிஷம் கழித்து, "அந்த ஆள் ஏற்கெனவே செத்துட்டானே?" என்று அவர்களாகவே கேட்பார்கள்.

மியாமி கனெக்‌ஷன் என்று ஒரு படம். ஒய். கே. கிம் என்ற, டேக்வாண்டோ எனும் கொரியச் சண்டைக்கலை ஆசிரியர் 1987-ல் கைக்காசைக் கொட்டி எடுத்தது. டேக்வாண்டோ தெரிந்த ஒரு ராக் இசைக்குழு போதைப்பொருள் கடத்தும் நிஞ்ஜாக்களோடு சண்டை போடுகிறது, அதுதான் கதை. படம் படுதோல்வி. இருபது வருஷத்துக்கு மேல் யாரும் சீந்தவில்லை. அப்புறம் ஒரு தியேட்டரின் நிகழ்ச்சி அமைப்பாளர் ஈபேயில் அதன் ஃபிலிம் பிரதியை, என்ன படம் என்றே தெரியாமல், 50 டாலருக்கு வாங்கினார். போட்டுப் பார்த்தால் அரங்கமே எழுந்து நின்றது. 2012-ல் முறையாக மறுவெளியீடு செய்தார்கள். அந்தப் படத்தில் நட்பைப் பற்றி அவர்கள் பாடும்போது ஒருவர் முகத்திலும் பொய் இல்லை, அதனால்தான் அது பிழைத்தது என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக, பெயர்கள் ஓடி முடியும் வரை எழுந்திருக்காதீர்கள். ஒரு கேசட் காலத்துப் படத்தில் கிடங்குச் சண்டை ஒன்று, பச்சைச் சட்டை போட்ட மீசைக்கார அடியாள் ஒருவர் படிக்கட்டிலிருந்து உருண்டு செத்துப்போகிறார், இரண்டு நிமிஷம் கழித்து நீலச் சட்டையில் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து சுட்டுவிட்டுச் சாகிறார், க்ளைமாக்ஸில் தொப்பி வைத்துக்கொண்டு தண்ணீரில் விழுகிறார். மூன்று தடவையும் மூன்று விதமாக விழுந்தார், ஒன்று போல இன்னொன்று இல்லை. பெயர்கள் ஓடும்போது நிறுத்தி நிறுத்தித் தேடினேன். அடியாட்கள் வரிசையில் ஒரு தடவை, ஸ்டன்ட் பிரிவில் ஒரு தடவை, சாப்பாட்டு ஏற்பாட்டில் இன்னொரு தடவை, ஒரே பெயர் இருந்தது. அவர்தானா என்று உறுதியாகத் தெரிய வேண்டி, அதே இயக்குநரின் அடுத்த படத்தையும் போட்டேன். ஆறாவது நிமிஷத்திலேயே ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து விழுந்தார், அதே மீசையோடு.